பதினோராம் நாள்: அப்பா ஆனது போலவே தெரியவில்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

#1 அரைத்தூக்கம் | அதிகாலை 3:12

இன்றோடு பதினோரு நாள். முதல் குழந்தை, பெண். அறுவை சிகிச்சைதான், ஆனாலும் இருவரும் நலம். வாழ்த்துகளுக்கு நன்றி தட்டச்சு செய்தே கட்டைவிரல் தேய்ந்துவிட்டது.

நேரில் யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். பிறந்ததும் கையில் கொடுத்தார்கள். அந்த நொடியில் கண்ணீர் வரும், உடம்பு சிலிர்க்கும் என்றெல்லாம் கேட்டிருந்தேன். எனக்கு வந்தது பயம் மட்டும்தான். தலை ஒரு பக்கம் சாய்கிறது, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. நர்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டபோது அப்பாடா என்று இருந்தது.

வீட்டில் நான் ஒரு எடுபிடி. துண்டை எடு, தண்ணீர் கொண்டு வா, விளக்கை அணை. குழந்தை என்னிடம் வந்தால் இரண்டு நிமிடத்தில் அழுகை. மனைவியோ மாமியாரோ வாங்கிக்கொள்வார்கள், உடனே நின்றுவிடும். அப்போது எனக்குள் வருவது வருத்தமா நிம்மதியா என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னும் நான்கு நாளில் வேலைக்குப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது. இந்தப் பாசம் என்பது எப்போது வரும்? எனக்கு மட்டும்தான் இப்படியா?

#2 பழைய_அப்பா | காலை 6:40

தம்பி, முதலில் வாழ்த்துகள்.

எனக்கு ஏழு வாரம் ஆனது. மூத்தவனைத்தான் சொல்கிறேன். அதுவரை அவன் மீது எனக்கு இருந்தது பொறுப்பு. கடன் வாங்கிய பாத்திரத்தை உடைக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்பது போன்ற ஒரு கவனம். பாசம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

பச்சைக் குழந்தையிடமிருந்து திரும்ப எதுவும் வராது, கவனித்தீர்களா? ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் வரும். தூக்கத்தில் உதடு கோணுவதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் “அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது” என்பார்கள். நம்பாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். சுமந்தவளுக்கு ஒன்பது மாதப் பழக்கம் இருக்கிறது. உங்களுக்குப் பதினோரு நாள்தான். அதிலும் பாதி நாள் நீங்கள் விளக்கை அணைத்துக்கொண்டும் துண்டு எடுத்துக்கொண்டும் இருந்தீர்கள்.

இரண்டாவது பிறந்தபோது முதல் நாளிலேயே வந்துவிட்டது. கை ஏற்கெனவே பழகியிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

#3 கொட்டாவி_மன்னன் | காலை 7:05

மூன்று மணிக்கு எழுதிய பதிவில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நீங்கள் போதுமான அளவு கண் விழிக்கவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

#4 வார்டு_விளக்கு | காலை 9:30

பிரசவ வார்டில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உங்களைப் போன்ற முகங்களைத் தினமும் பார்க்கிறேன். குழந்தையைக் கையில் கொடுத்ததும் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு சின்ன விஷயம். அம்மாவிடம் போனதும் அழுகை நிற்பதால் உங்களை வேண்டாம் என்று அர்த்தமில்லை. அங்கே பால் வாசனை இருக்கிறது, வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய குரல் இருக்கிறது. அதனால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பசித்து அழும்போது அப்பாவிடம் கொடுப்பார்கள், வயிறு நிறைந்ததும் அம்மாவே வைத்துக்கொள்வார். தலைகீழாக்குங்கள். பால் குடித்து முடித்த நிமிடமே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, டயபர் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, அதன் முதுகில் ஒரு துணியைப் போர்த்துங்கள். அரை மணி நேரம் அப்படியே.

இது புதிதாக யாரோ கிளப்பிவிட்டதல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டி வைக்கத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று பெயர் வந்தது அப்படித்தான். அப்பாவின் நெஞ்சிலும் குழந்தையின் உடல் சூடும் மூச்சும் சீராகத்தான் இருக்கும். உங்கள் முகத்தை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வையுங்கள். இப்போதைக்கு அதற்குத் தெளிவாகத் தெரிவது அவ்வளவுதான்.

ஒரே எச்சரிக்கை: சோபாவில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சில் வைத்தபடி தூங்கிவிடாதீர்கள். கண் சொருகினால் எழுந்து போய், தலையணை போர்வை எதுவும் இல்லாத, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சோபாவில் இருவரும் தூங்குவது மிக ஆபத்து.

#5 நிலாமுற்றம் | காலை 10:15

நான் அம்மா. இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

“எடுபிடி” என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னதை எடுத்துக் கொடுப்பவர் எடுபிடி. ஆனால் என்ன வேண்டும், எப்போது வேண்டும், எது தீரப் போகிறது என்று நினைவில் வைத்துச் சொல்வது யார்? வயிற்றில் தையலோடு, இருமினாலே உயிர் போகும் வலியோடு படுத்திருக்கிறவர். “கேட்டால் செய்வேனே” என்கிற கணவர்களுக்கு இது புரிவதில்லை. கேட்பதே ஒரு வேலை.

எனக்குக் குழந்தை பிறந்த பத்தாம் நாள் நான் அழுதது வலியால் இல்லை. டயபர் தீர்ந்துவிட்டது என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு நின்றார்.

உதவி செய்யாதீர்கள். ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். டயபர் என்றால் மாற்றுவது மட்டுமல்ல. எத்தனை மிச்சம், எந்த அளவு, தோல் சிவந்திருக்கிறதா, என்ன தடவ வேண்டும், எல்லாமே. அல்லது தடுப்பூசித் தேதிகள். அல்லது பார்க்க வருகிறவர்கள்: யார் எப்போது வரலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்று முகம் பார்த்துச் சொல்லும் வேலை. அதை மட்டும் யாராவது எனக்குச் செய்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன்.

சரி, என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவர் டயபரைக் கோணலாக மாட்டினால் பிடுங்கி நானே மாட்டினேன். அழ ஆரம்பித்த பத்தாவது நொடியில் “இங்கே கொடுங்க” என்று கை நீட்டினேன். மூன்று மாதம் கழித்து “நீங்கள் ஏன் தூக்குவதே இல்லை” என்று சண்டையும் போட்டேன். உங்கள் மனைவியிடம் நேராகச் சொல்லுங்கள்: “அழுதாலும் பத்து நிமிடம் என்னிடம் இருக்கட்டும், நீ பக்கத்து அறையில் படு.” பசியில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

#6 கணக்குப்பிள்ளை | காலை 11:50

நிலாமுற்றம் சொன்ன “முழுசாக ஒன்று” எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு.

எனக்கும் பாசம் கீசம் ஒன்றும் வரவில்லை. எண் வரும். அதனால் எழுத ஆரம்பித்தேன். எத்தனை முறை பால் (24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை என்றார்கள், எங்களுக்கு 11), எந்தப் பக்கம், எத்தனை ஈர டயபர், மலம் என்ன நிறம். முதல் இரண்டு நாள் தார் போலக் கறுப்பு. பிறகு பச்சை. ஐந்தாம் நாள் கடுகு மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆண் நான்தான் என்று அப்போது நினைத்தேன்.

நாலாம் நாள் எடை பிறந்ததைவிட 6 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டில் ஒரே களேபரம். பால் போதவில்லை என்று ஆளாளுக்கு மனைவியைப் பார்த்தார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. “ஒரு நாளைக்கு எத்தனை ஈர டயபர்?” என்றார். அன்றைக்கு நாலு. “ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறும் அதற்கு மேலும் வந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் இந்த அளவு எடை குறைவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வர வேண்டும், அதைப் பார்ப்போம்” என்றார். 12ஆம் நாள் வந்துவிட்டது.

அன்று இரவு மாமியார் “பால் பத்தலையோ” என்று ஆரம்பித்தபோது, “ஏழு டயபர் அத்தை” என்று நோட்டைக் காட்டினேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

#7 அரைத்தூக்கம் | மறுநாள் இரவு 11:20

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நிலாமுற்றம் அக்கா, மன்னிப்பெல்லாம் வேண்டாம், “சொல்லிவிட்டு நின்றார்” என்ற வரியைப் படித்ததும் எழுந்து போய் டயபர் எண்ணினேன். ஒன்பது இருந்தது.

டயபரை எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சியில் முன்பக்கம் பின்பக்கமாக மாட்டியிருக்கிறேன். கண்டுபிடித்தது குழந்தைதான், என் மடியில்.

பால் குடித்த பிறகு நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் சும்மா இருந்தாள், பிறகு என் மார்பு முடியைப் பிடித்து இழுத்தாள், பிறகு அழுதாள். மனைவி எழுந்து வரப் பார்த்தாள். “பத்து நிமிடம்” என்றேன். அறைக்குள் நடந்தேன். ஏழாவது நிமிடத்தில் நின்றது. நான் நிறுத்தினேனா அவளுக்கே அலுத்துவிட்டதா தெரியவில்லை. ஆனால் நின்றது.

ராத்திரி யார் விழிப்பது என்பதில்தான் குழப்பம். வேலைக்குப் போக ஆரம்பித்தால் என்ன செய்வது?

#8 மூன்றாம்_ஷிப்ட் | இரவு 11:48

பாஸ், இதுல நான் கொஞ்சம் பழைய ஆளு. நான் ஓட்டுறது லாரி. ராத்திரி மூணு மணிக்கு டயபர் மாத்திட்டு காலைல ஸ்டீரிங் பிடிச்சா நானும் போவேன், எதிர்ல வர்றவனும் போவான். என் வீட்ல ராத்திரி முழுக்க அவதான் பாத்தா. நான் சாயங்காலம் வந்ததும் ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் குழந்தை என் கையில, அவ தூங்குவா. இதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது.

#9 நிலாமுற்றம் | காலை 6:10

லாரி ஓட்டுபவர் தூங்கத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்க்கிறவரும் இதே காரணத்தைச் சொல்வதுதான் பிரச்சினை. வீட்டில் இருப்பவர் பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்பார்கள். எந்தப் பகலில்? குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று புத்தகத்தில் இருக்கும். ஒரே மூச்சில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்காது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தூக்கமில்லாத கையோடு பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதும் ஸ்டீரிங் பிடிப்பது மாதிரிதான்.

#10 மூன்றாம்_ஷிப்ட் | காலை 6:25

நான் மாடிப்படியை யோசிக்கல. சரி. ஆனாலும் என் விஷயத்துல நான் சொன்னதுதான்.

#11 இரட்டைச்சுமை | காலை 8:00

இரட்டைக் குழந்தைகள். எங்கள் வீட்டில் நியாயம் பேச யாருக்கும் தெம்பு இல்லை, அதனால் கடிகாரத்தைக் கேட்டோம்.

இரவு 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். தன் முறை இல்லாதவர் வேறு அறை, கதவு சாத்தி. நாலரை மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் மனிதன் மனிதனாக இருக்கிறான். எட்டு மணி நேரத்தில் எட்டு முறை விழித்தால் கணக்குக்கு ஏழு மணி நேரம் தூங்கியிருந்தாலும் பேய்தான். இருவரும் ஒவ்வொரு அழுகைக்கும் சேர்ந்து எழுவது இருக்கிறதே, முதல் வாரம் அன்பின் பெயரால் அப்படித்தான் செய்தோம், அது சுத்த முட்டாள்தனம்.

தாய்ப்பால் என்றால் முழுதாகக் கைமாற்ற முடியாது. குழந்தையைக் கொண்டுபோய் அவரிடம் விடுவது, முடிந்ததும் தூக்கி வந்து ஏப்பம், டயபர், தூங்க வைப்பது எல்லாம் உங்கள் வேலை. அவர் படுக்கையை விட்டு எழ வேண்டாம். பிழிந்து வைத்த பாலைப் புட்டியில் கொடுப்பதற்குச் சில வாரம் பொறுங்கள், சுரப்பு நிலைப்படட்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

இன்னொன்று. பச்சைக் குழந்தை தூங்கும்போது சத்தம் போடும். முனகும், முக்கும், கையைத் தூக்கிப் போடும், கண்ணைக்கூடத் திறக்கும். அது விழிப்பு அல்ல. நான் ஒவ்வொரு முனகலுக்கும் ஓடிப்போய்த் தூக்கி, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நானே எழுப்பியிருக்கிறேன். முனகலைக் கேட்டால் நூறு வரை எண்ணுங்கள். பாதி நேரம் அறுபதிலேயே அடங்கிவிடும்.

#12 ஈரச்சுவர் | இரவு 1:35

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

என் மகனுக்கு இப்போது நாலு வயது. பழைய அப்பா சொல்வது போல எனக்கும் கை பழகினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கை நன்றாகவே பழகியது. டயபர், குளியல், ராத்திரி நடை எல்லாம் செய்தேன். சரியாகவில்லை.

சோகம் என்று ஒன்றும் இல்லை, அதனால்தான் நான் கண்டுபிடிக்கவில்லை. வந்தது எரிச்சல். கரண்டி கீழே விழுந்தால் எரிச்சல். மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எரிச்சல். வேலை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் “கூட்டம் இழுத்துவிட்டது” என்பேன். படிக்கட்டு அருகே போனால் குழந்தையைக் கைநழுவ விடுவது போல ஒரு படம் கண்முன் வரும். நான் கெட்டவன் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம். சாயங்காலம் ஆனால் அழுகை ஆரம்பிக்கும், எதற்கும் நிற்காது. ஒரு நாள் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மனைவி குளிக்கப் போயிருந்தாள். என் கைகளில் ஒரு இறுக்கம் வந்தது. அது நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்தினேன். சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பத்து நிமிடம் நின்றேன். திரும்பப் போனபோதும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் என் கை திரும்ப என் கையாகியிருந்தது.

அன்று ராத்திரி மனைவியிடம் சொல்லிவிட்டேன். படத்தையும் சேர்த்து. அவள் என்னைப் பயந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். “எனக்கும் வருகிறது, எனக்கு ஜன்னல்” என்றாள்.

மருத்துவர் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் பிரசவித்த பெண்களுக்காக உருவாக்கியது, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். அப்பாக்களுக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். எனக்கு மனச்சோர்வு என்றார். 2010இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய பத்து அப்பாக்களில் ஒருவருக்கு இது இருந்தது என்றும், பிறந்த மூன்றிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அதிகம் என்றும் அவர்தான் சொன்னார். மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடும் என்றார். கைநழுவும் படம் பற்றிக் கேட்டேன். அப்படிப்பட்ட எண்ணங்கள் புதுப் பெற்றோர் நிறையப் பேருக்கு வரும், அது வந்ததும் நீங்கள் பதறுகிறீர்களே, அதைச் செய்ய விரும்பவில்லை என்பது அதிலேயே தெரிகிறது என்றார். பேச்சு சிகிச்சையும் சில மாதம் மாத்திரையும். குணமாக எட்டு மாதம் ஆனது.

அரைத்தூக்கம், வேலைக்குப் போகும் நாளை எண்ணுவது தப்பே இல்லை, எல்லாரும் எண்ணுவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வண்டியிலேயே உட்கார ஆரம்பித்தால் மட்டும் என் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

#13 வார்டு_விளக்கு | காலை 5:50

ஈரச்சுவர், நீங்கள் கதவைச் சாத்தியதைத்தான் நாங்கள் டிஸ்சார்ஜ் அன்று ஒவ்வொரு அப்பாவிடமும் சொல்கிறோம். பலர் காதில் வாங்குவதில்லை. குழந்தையை எக்காரணம் கொண்டும் உலுக்கக் கூடாது. சில நொடிகள் போதும், மூளையில் இரத்தம் கசிந்துவிடும். பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அழுகை இரண்டாம் வாரத்தில் அதிகரிக்க ஆரம்பித்து ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் குறையும். இது வளர்ப்பின் குறையல்ல.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு, தூக்கமில்லாத மூளைக்கு இவை ஞாபகம் இருக்காது என்பதால் எழுதி ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே, அப்போதே மருத்துவர். பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், மூச்சு விட நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், தோலின் மஞ்சள் நிறம் கால் வரை இறங்கினால், அப்படியே.

மனைவிக்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி அல்லது பார்வை மங்கல், மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது நிறையப் பேருக்கு உண்டு, அதைத் தாண்டியும் நீண்டால் கூட்டிப் போங்கள். தூக்கமே தேவையில்லை என்பது போல் நடந்துகொண்டு, சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாததைக் கேட்பதாகச் சொன்னால் அது அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். ஆனால் அதை முதலில் பார்க்கப் போவது நீங்கள்தான்.

#14 கொட்டாவி_மன்னன் | காலை 9:15

இவ்வளவு கனமான பதிவுகளுக்கு நடுவில் ஒரு அறிவியல் சந்தேகம். அப்பா ஆனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்.

#15 கணக்குப்பிள்ளை | காலை 9:40

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், உண்மை. 2011இல் வந்த ஆய்வு, பிலிப்பைன்ஸின் செபுவில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களை நாலைந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இதில் முக்கியமானது, ஆரம்பத்தில் அப்பா ஆகாமல் தனியாக இருந்தவர்களைப் பற்றியது. அவர்களில் அந்த ஹார்மோன் அதிகமாக இருந்தவர்கள் பிற்பாடு துணையோடு வாழ்ந்து அப்பா ஆக வாய்ப்பு அதிகமாக இருந்தது, ஆனதும் இறங்கியது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை வீட்டில் இருந்தவர்களுக்கு இறக்கம் அதிகம். அதோடு, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு அளவு, கவனிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

இது நோய் இல்லை, உடம்பு வேலைக்கு ஏற்ப மாறுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அரைத்தூக்கம் கேட்ட கேள்விக்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. உடம்பு மாறுவது அப்பா என்று பெயர் வாங்கியதால் மட்டும் போல் தெரியவில்லை, தூக்கிக்கொண்டு நடக்கும் மணிநேரமும் சேர்கிறது.

#16 திண்ணை_மனிதன் | மாலை 4:30

எனக்கு 68 வயது. மூன்று பிள்ளைகளைப் பெற்றேன். ஒருவருக்கும் துணி மாற்றியதில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்யப் போனாலும் “உங்களுக்கு எதற்கு” என்று அனுப்பியிருப்பார்கள். அது சௌகரியமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். போன வருடம் பேரனுக்கு முதன்முதலில் டயபர் மாற்றினேன். என் மகன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தான். சொல்லிக் கொடுக்கும்போது அவன் குரலில் ஒரு தினுசான பொறுமை இருந்தது. அதை நான் அவனுக்குக் காட்டியதாக நினைவில்லை.

கோணலாகத்தான் மாட்டினேன்.

#17 அரைத்தூக்கம் | இருபத்திரண்டாம் நாள், இரவு 10:05

வேலைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் வாசலைத் தாண்டும்போது துள்ளலாக இருந்தது, ஒளிக்கவில்லை. மதியத்துக்குள் மூன்று முறை வீட்டுக்குப் பேசினேன். மூன்றாவது முறை மனைவி எடுக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாளாம். நல்லது.

கடிகாரம் ஒப்பந்தம் எங்களுக்கும் ஆனது. 9 முதல் 1 நான். மாமியாரோடு ஒரு பேச்சு நடந்தது, சண்டை ஆகாமல் பார்த்துக்கொண்டேன். “அத்தை, நீங்கள் வாங்கினால் உடனே நிற்கிறது, அதனால்தான் எனக்குக் கற்றுக்கொள்ளவே வாய்ப்பு வருவதில்லை” என்றேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு ஏப்பம் எடுப்பது எப்படி என்று அவரே காட்டினார். நான் தோளில் உயரமாகப் போடாமல் பாதியிலேயே வைத்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவேளை இத்தனை நாள் அழுகையில் பாதி அதனால்தானோ என்னவோ.

தொப்புள்கொடி பதின்மூன்றாம் நாள் விழுந்தது. அதுவரை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. முதல் குளியல் நான்தான். முழங்கையால் தண்ணீர்ச் சூடு பார்த்து, ஒரு கை தலைக்குக் கீழே. தண்ணீரில் இறக்கியதும் இரண்டு கையையும் விரித்து, கட்டிப்பிடிக்கப் போவது போல் உதறினாள். பயந்துவிட்டேன். அது அனிச்சைச் செயல், விழுவது போல் உணர்ந்தால் அப்படித்தான் செய்யும், சில மாதத்தில் போய்விடும் என்றார்கள். பிறகு படுக்க வைக்கும்போதும் அப்படிச் செய்வதைக் கவனித்தேன். இப்போது முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் தலை என்று மெதுவாக இறக்குகிறேன். விழிப்பதில்லை.

ஈரச்சுவர், உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஜன்னல் வரியில் அவள் அழுதுவிட்டாள். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம், அவளுக்காக. என்னிடமும் அந்தப் பத்துக் கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

#18 ஈரச்சுவர் | இரவு 10:20

நல்லது. போனதும் ஒரு வரி எழுதுங்கள்.

#19 அரைத்தூக்கம் | எட்டாவது வாரம், மாலை 6:45

தாமதத்துக்கு மன்னிக்கவும். மனைவிக்கு மனச்சோர்வு லேசான அளவில் இருக்கிறது என்றார்கள், வாரம் ஒரு முறை ஆலோசனைக்குப் போகிறாள். அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தை என்னிடம். எனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

ஆறாவது வார அழுகை சொன்னபடியே வந்தது. பத்து நாள். ஒரு முறை குழாயைத் திறந்தேன்.

சிரிப்பு வந்துவிட்டது. முதல் சிரிப்பு மின்விசிறிக்கு. இரண்டாவதும் மின்விசிறிக்கு. மூன்றாவது எனக்கு என்று மனைவி சொல்கிறாள், அப்போது என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. பழைய அப்பா, பாசம் வந்துவிட்டதா என்று கேட்டால் இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேற்று அலுவலகத்தில் லிஃப்டுக்காக நின்றபோது ஒருவர் “ஏன் சார் ஆடிக்கிட்டே இருக்கீங்க” என்றார். வெறுங்கையோடு, இந்தக் கால் அந்தக் கால் என்று மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கேள்வி வேறு. நகம். காகிதம் மாதிரி மெல்லிசு, ஆனால் கத்தி. முகமெல்லாம் கீறிக்கொள்கிறாள். மனைவி நகம் வெட்டமாட்டேன் என்கிறாள், கை நடுங்குகிறதாம். இது என் பொறுப்பில் வந்துவிட்டது. எப்படி வெட்டுவது?

#20 இரட்டைச்சுமை | மாலை 6:58

எனக்கு நாற்பது விரல். கேளுங்கள்: நன்றாகத் தூங்கியபின், கை தளர்ந்து கிடக்கும்போது. விரல் நுனிச் சதையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு விரல் நுனியின் வளைவை ஒட்டி வெட்டுங்கள், கால் நகத்தை மட்டும் நேராக. பயமாக இருந்தால் முதல் சில வாரம் வெட்டவே வேண்டாம், மெல்லிய அரத்தால் தேய்த்துவிட்டால் போதும். கடித்து எடுக்காதீர்கள், கிருமி போகும்.

ஒரே தூக்கத்தில் பத்து விரலையும் முடிக்க நினைக்காதீர்கள். நான் ஒரு தூக்கத்துக்கு மூன்று விரல்.

#21 திண்ணை_மனிதன் | மாலை 7:10

வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவரானால் போட்டுக்கொள்ளுங்கள்.